கீழ்வீட்டுச் சூடு

துருக்கியின் எர்சுரூமில் அந்த வருஷக் குளிர் எப்படிப்பட்டதென்றால், நாவிதர் யாருடைய மீசையையும் வெட்டவில்லை. ஒடித்துக் கையில் கொடுத்தார். பஸ் நிலையத்து வெப்பமானியில் பாதரசம் இறங்கி இறங்கி, இனி இறங்க இடமில்லாமல் வெளியே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டது. துப்புரவுக்காரர் அதைப் பெருக்கித் தள்ளினார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் ஹில்மி ஒன்பது குளிர்காலமாகத் வீட்டைச் சூடாக்கும் தன் பாய்லரை ஏற்றியதே இல்லை.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். தேநீர்க் கடையில் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டே இந்தப் பெருமையைச் சொல்வார். நம்பாதவர்களை மூன்றாம் மாடியில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காலுறையைக் கழற்றச் சொல்வார். தரை வெதுவெதுவென்று இருக்கும். ஒரு தடவை பக்கத்துத் தெருக்காரர் அந்தத் தரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். மறுநாள்தான் எழுப்ப முடிந்தது.

ரகசியம் ஒன்றுமில்லை. நேர் கீழே ராயிஃபும் அவர் மனைவி சபஹாத்தும் இருந்தார்கள். ஒன்பது வருஷமாகப் பக்கவாதத்தில் படுத்திருந்த ராயிஃபுக்கு எப்போதும் குளிரும். சபஹாத் இருபத்தேழு டிகிரி வைத்து வீட்டை வேகவைப்பாள். அந்தச் சூடு ராயிஃபின் வீட்டுக் கூரை வழியாக ஏறி, ஹில்மியின் தரைக்கு வந்து சேரும்.

இந்த வருஷம் ஹில்மியின் மனைவி முனீரேவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் மருந்தை எழுதிவிட்டு, பேனாவை மூடாமலே, "வீட்டுல சூடு இருக்கா?" என்று கேட்டார். "தரையில இருக்கு டாக்டர்," என்றாள் முனீரே. டாக்டர் ஹில்மியைப் பார்த்தார். ஹில்மி சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தார்.

பாய்லர் பார்க்கிற யாவுஸ் வந்து மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து தூசிதான் வந்தது.

"மாமா, இதுக்கு இருபத்திரண்டு வயசு. பார்ட்ஸ் வேணும்னா மியூசியத்துலதான் கேக்கணும். புதுசு போட்டுடுங்க. பைப்பும் ரேடியேட்டரும் நல்லாத்தான் இருக்கு, ஒரு நாள் வேலை."

"எவ்வளவு?"

யாவுஸ் சொன்னான். நாலு மாசப் பென்ஷன்.

"யோசிச்சுச் சொல்றேன்."

"ஒன்பது வருஷமா யோசிக்கிறார்," என்றாள் முனீரே இருமலுக்கு நடுவில். "தம்பி, நீ உன் பேரனோட வா, அப்பச் சொல்வார்."

அவன் போனதும் அவள் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். "ரெண்டு வாரம் கழிச்சு வர்ற சனிக்கிழமை பஸ்ல டிக்கெட் எடுத்திருக்கேன். புர்சாவுல தங்கச்சி வீடு. இங்க புது பாய்லர் வந்தா இருப்பேன். இல்லேன்னா பனி உருகறப்ப வருவேன். வராமலும் போவேன், இந்த நெஞ்சு என்ன நினைக்குதோ."

"தரை சூடாத்தானே இருக்கு?"

"நான் என்ன முட்டையா, அடியில சூடு வெச்சாப் போதும்னு?"

அடுத்த நாள் ராயிஃப் இறந்துபோனார்.

ஹில்மி சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார். துக்க வீட்டில் வழக்கப்படி கொடுத்த அல்வாவைத் தின்றார், மனசார அழுதார். மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கியவர் அலறிக்கொண்டு மேலே தூக்கிக்கொண்டார். தரை செத்துக் கிடந்தது.

துக்க வீட்டில் சில நாள் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுபோவார்கள். அது ஹில்மிக்குத் தெரியும். பாய்லரும் அந்தக் கணக்கில் சேருமா என்பதுதான் தெரியவில்லை. இமாமிடம் போனார்.

"துக்க வீட்டுல பாய்லரை எத்தனை நாள் ஏத்தக் கூடாது, ஹோஜா?"

இமாம் நெடுநேரம் தாடியைத் தடவினார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையே. யார் வீட்டு பாய்லர்?"

"கீழ்வீடு."

"உனக்கு அதுல என்ன?"

ஹில்மி செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ராயிஃப் இறந்து பன்னிரண்டு நாள் ஆயிற்று. முனீரேவின் இருமல் வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி உலவியது. செவ்வாய்க்கிழமை ஹில்மி ஒரு முடிவுக்கு வந்தார். தயிரும் கோதுமையும் போட்ட சூப்பை முனீரேவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். சூப்பைக் கொடுப்பது, ஆறுதல் சொல்வது, அப்படியே நாசூக்காக பாய்லர் பக்கம் பேச்சைத் திருப்புவது. படியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

சபஹாத் மேல்கோட்டோடு கதவைத் திறந்தாள். உள்ளே ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது.

"வாங்க ஹில்மி அண்ணே."

"ஏம்மா, ஜன்னல்..."

"திறந்துதான் வெச்சிருக்கேன். ஒன்பது வருஷமா வெந்தேன் அண்ணே. அவருக்கு நடுங்கும், எனக்கு வேர்த்து ஊத்தும். ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்பத்தான் மூச்சு விடறேன். சொன்னா பாவம்னு தோணுது. ஆனா நல்லா இருக்கு."

ஹில்மி ஒத்திகையை மறந்து சூப்பை நீட்டினார்.

"உங்களைப் பத்தி அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்," என்றாள் அவள். "'மேல வெறுங்காலோட நடக்கறான் பாரு. ஒரு டிகிரி குறை, செருப்புச் சத்தம் கேக்கும்'பார். நான் குறைக்கப் போனா, 'வேணாம் விடு, முனீரே இருக்கா'ன்னுடுவார்."

ஹில்மி குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"ராத்திரி அவ இருமறது இங்க கேக்குது," என்றாள் சபஹாத். "என்னால உங்க தரை ஆறிப்போச்சா? தயங்காமச் சொல்லுங்க. ஏத்தறேன். எனக்குப் பழக்கம்தானே."

இறங்கி வந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அது தட்டில் வைத்தாற்போல் எதிரே நீண்டது. 'ஆமா' என்றால் போதும். நாலு மாசப் பென்ஷன் மிச்சம், முனீரே புர்சா போக வேண்டியதில்லை, தேநீர்க் கடைப் பெருமையும் போகாது. சபஹாத் ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி வேக ஆரம்பிப்பாள்.

"சேச்சே," என்றது ஹில்மியின் வாய். "ஏத்தாதேம்மா. எங்க பாய்லர் பிரமாதமா எரியுது. அவளுக்கு இருமல் அந்தச் சூட்டுலதான்."

சபஹாத் அவர் நீலம் பாரித்த காதுகளைப் பார்த்தாள். "சரி அண்ணே," என்றாள்.

மேலே வந்து, கோட்டைக் கழற்றாமலே யாவுஸுக்குப் போன் போட்டார்.

"மாமா, ஊர்ல பாதிப் பேர் பாய்லர் படுத்துடுச்சு. வியாழக்கிழமைக்கு முன்னால வர முடியாது."

செவ்வாயும் புதனும், வீட்டில் இருந்த கம்பளம், கோட்டு, பத்திர அலுவலகப் பிரிவுபசாரத்தில் போர்த்திய சால்வை எல்லாவற்றையும் முனீரேமேல் போட்டார். புர்சா பயணத்துக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை சாயங்காலம் புது பாய்லர் உறுமிற்று. ரேடியேட்டர்களில் தண்ணீர் கடகடவென்று ஓடியது. ஒரு மணி நேரத்தில் ஜன்னல் பனி உருகிக் கோடு போட்டது. யாவுஸ் காசை எண்ணிக்கொண்டு போனான். முனீரே கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கழட்டேன்," என்றார் ஹில்மி. "இருபத்திரண்டு காட்டுது."

"ஒரே நாள் வேலை," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஒன்பது வருஷம். இதுக்கு ஒரு மனுஷன் சாகணும்னுதானா காத்துக்கிட்டு இருந்தீங்க?"

ஹில்மி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

"டிக்கெட்?" என்றார்.

"இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் இது எரியுதான்னு பாக்கறேன்."

அவர் சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துவந்து பாய்லருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் நீலச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. கூடத்தில் இருமல் கேட்டது. சற்று நின்றது. மறுபடி கேட்டது. கோட்டுப் பொத்தான் கழலும் சத்தத்துக்காக அவர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.