பிந்திச் சிரிப்பவள்

1

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள். வருடம் 1973.

எல்லா வரைவுகளிலும் மாறாமல் நின்றது இந்த வரி மட்டுமே. மற்ற தொடக்கங்களை அடித்துவிட்டேன். அடித்தவற்றில் இரண்டை விட்டுவைக்கிறேன்.

(பியானோ வாசித்துக்கொண்டே சபையைச் சிரிக்கவைக்கும் ஒரு வெள்ளைக்காரரின் இசைத்தட்டுகளை நாகலூரில் ஒரு பெண் சேர்த்துவந்தாள். அவளுக்கோ இங்கிலீஷ் —)

(அக்காள் கப்பலேறியபோது தங்கைக்கு ஒரு கிராமபோன் கிடைத்தது.)

முதலாவது வேடிக்கைக் கதையின் வரி. இது வேடிக்கைக் கதை இல்லை. இரண்டாவதில் தகவல் சரி. ஆனால் பண்டமாற்று நடந்ததுபோல் ஒலிக்கிறது. நடந்ததா இல்லையா என்று எனக்கே தீர்மானமில்லை.

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில் இசைத்தட்டு ஒன்று வாங்கினேன். கீழே போட்டால் உடையும் பழைய வகை. தட்டு முழுவதும் கறுப்பாகப் பளபளத்தது. ஓரிடத்தில் மட்டும் நூல் அகலத்துக்கு ஒரு சாம்பல் வளையம். யாரோ அந்த இடத்தில் மட்டும் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்கள். போட்டுக் கேட்டேன். பியானோ. ஓர் ஆணின் பேச்சு. சபையின் சிரிப்பு. வளையம் வந்ததும் வெறும் இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று.

அந்த ஒன்றுக்காக இதை எழுதுகிறேன். மனிதர்களெல்லாம் நான் உண்டாக்கியவர்கள். வளையத்தை நான் உண்டாக்கவில்லை.

பியானோக்காரருக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் நீங்கள் கதையை விட்டுவிட்டு அவரைத் தேடப் போவீர்கள்.

2

அம்மணிக்கு நாற்பது வயது இருக்கும். நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் பெருக்கித் துடைக்கிறாள். அவளுடைய அக்காள் முத்தாயி அதே பங்களாவில் ஆயாவாக இருந்தவள். 1956-இல் துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு சீமைக்குக் கிளம்பினார். துரையின் பிள்ளைகள் முத்தாயியை விடமாட்டோம் என்று அழுதார்கள். முத்தாயியின் சொந்தப் பிள்ளைக்கு இரண்டு வயது. அதுவும் அழுதது. இரண்டு வருடத்தில் திருப்பி அனுப்பிவிடுவதாகப் பேச்சு. கிராமபோனும் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளும் அம்மணி வீட்டுக்கு வந்தன.

இரண்டு வருடம் கழித்து முத்தாயி வரவில்லை. பக்கத்து எஸ்டேட் துரை லீவு முடிந்து திரும்பினார். ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பியானோக்காரரின் கச்சேரி. சபையை வைத்துக்கொண்டே பதிவு செய்தது. அன்று அந்தச் சபையின் பின்வரிசையில் முத்தாயியும் பிள்ளைகளோடு இருந்தாள் என்று துரை சொன்னதாகப் பட்லர் சொன்னான். அதற்குப் பிறகு சேதி இல்லை. சேதி சொல்ல அந்தத் துரையும் இல்லை. அவரும் விற்றுவிட்டுப் போய்விட்டார்.

தட்டில் பியானோக்காரர் ஏதோ சொல்கிறார். சபை சிரிக்கிறது. சிரித்து ஓய்கிறது. ஓய்ந்தபின் எங்கோ பின்னாலிருந்து ஒரே ஒரு பெண் சிரிக்கிறாள். அதைக் கேட்டுச் சபை மறுபடியும் சிரிக்கிறது.

முத்தாயி அப்படித்தான். ஒருவர் சொன்னது அவளுக்குச் சட்டென்று பிடிபடாது. எல்லாரும் சிரித்து முடித்தபின் தன் பங்குக்குச் சிரிப்பாள். அம்மணி முதல்முறை கேட்டபோதே எழுந்து நின்றுவிட்டாள்.

அதிலிருந்து, விற்றுப் போகும் ஒவ்வொரு பங்களாவுக்கும் அவள் போனாள். மற்றவர்கள் பீரோ கேட்டார்கள், கம்பளி கேட்டார்கள். அவள் பியானோக்காரரின் தட்டு கேட்டாள்.* அக்காள் இன்னொரு கச்சேரிக்கும் போயிருக்கமாட்டாளா?

* அவளுக்குப் படிக்கத் தெரியாது. பியானோக்காரரின் பெயர் ஏணி போன்ற ஓர் எழுத்தில் தொடங்கும். ஏணி இருந்த தட்டுகளையெல்லாம் எடுத்துவந்தாள். பாதி வேறு யாரோ. மாதாகோயில் பாட்டுகூட இருந்தது. அதையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் ஒதுக்கினாள், கடைசியில் யாராவது சிரித்துவிடப் போகிறார்களே என்று.

பெட்டியோடு வந்த ஊசிகள் தேய்ந்தன. தேய்ந்த ஊசி தட்டைத் தின்னும் என்பது வளையம் விழுந்தபின் தெரிந்தது. பிறகு ஆரஞ்சு மரத்து முள்ளைச் சீவிப் பொருத்தினாள். முள்ளில் சத்தம் கம்மி. ஆனால் தின்னாது. அதற்குள் சிரிப்பில் பாதி போயிருந்தது.

[எனக்கு ஒரு சந்தேகம். பதினைந்து வருடம் கேட்டபின் அம்மணிக்கு ஞாபகம் இருப்பது அக்காளின் சிரிப்பா, தட்டின் சிரிப்பா? அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.]

3

திருவிழாவன்று முத்தாயியின் புருஷன் ஐயாக்கண்ணு வந்தான். அவனுடைய மகள் காமாட்சிக்கு மாரமங்கலத்தில் சம்பந்தம் கூடியிருந்தது.

"ஏ அம்மணி, பொண்ணுக்குத் தாய் இருக்காளா இல்லையான்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"இருக்கான்னு சொல்லுங்க மாமா."

"எங்க இருக்கான்னு கேட்டா? பொட்டிக்குள்ள இருக்கா, கைப்பிடியச் சுத்துனா வருவான்னு சொல்லட்டுமா?"

"அக்கா எப்பவும் பிந்தித்தான வருவா."

"ஆமா. சாவறதுலயும் உங்கக்கா பிந்தித்தான் சாவா. ஊரே செத்து முடிஞ்சப்புறம்." அவன் சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பதினேழு வருசமாச்சு புள்ள. நான் பொண்டாட்டி உள்ளவனா, இல்லாதவனா? பேர் சொல்லிக் கருமாதியப் பண்ணிப்புட்டா ஒரு முடிவு. அதப் பண்ணாம ஊட்டுல நல்லது நடக்கப்படாதுன்னு ஊரு சொல்லுது."

"உசுரோட இருக்கறவளுக்கா?"

காமாட்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"சின்னம்மா, அதுதான் எங்கம்மா சிரிப்புன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேற எவ சிரிப்பக் காட்டியிருந்தாலும் நம்பியிருப்பேன்."

"அப்படிச் சொல்லாத கண்ணு."

"பின்ன எப்படிச் சொல்ல? நான் கேட்டதே இல்லையே."

அப்போது அம்மணி ஒரு காரியம் செய்தாள். அவளை நான் அதைச் செய்ய விடாமல் இருந்திருக்கலாம். மறுநாள் சேலத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. கோவிந்தராஜ், பாங்கியில் அதிகாரி. பியானோக்காரரின் தட்டுகளைச் சேர்ப்பவர். அம்மணியிடம் இருக்கும் அந்த ஒரு தட்டுதான் அவரிடம் இல்லை. ஏற்காடு கடைவீதியில் விசாரித்து ஆள் அனுப்பியிருந்தார்.

"அவரு படிச்சவரு மாமா. தட்டுக்கு நடுவுல பொடி எழுத்தா எழுதியிருக்குதே, அன்னைக்குச் சபையில இருந்தவங்க பேரா இருக்கும். அவரு படிச்சு, கேட்டுச் சொல்லட்டும். அக்கா இல்லைன்னு அவரு சொன்னா, தட்ட அவருகிட்டயே குடுத்துடறேன். நீங்க கருமாதியப் பண்ணிக்குங்க."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

4

இங்கே ஒரு பத்தி எழுதினேன். முத்தாயியைப் பற்றியது. இப்படித் தொடங்கியது:

(1958 பனிக்காலத்தில் முத்தாயி, பிள்ளைகளின் அறைக்கு மேலே இருந்த சின்ன அறையில், இருமல் —)

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் கருமாதிக்கு நாள் குறித்தவன் நானாகிவிடுவேன். அழித்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்றும் இல்லை. அதனால் அப்படியே கிடக்கட்டும். இருமிக்கொண்டு.

5

மறுநாள் கோவிந்தராஜ் பஸ்ஸில் வந்தார். தோளில் பை. பைக்குள் துணியில் சுற்றிய ஒரு தட்டு. மாற்றிக்கொள்வதற்காகக் கொண்டுவந்தது. கல்லூரி நாட்களில் சென்னையில் வாங்கியது. வருடம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது: 1951. அதே பியானோக்காரரின் முந்திய கச்சேரி.

அம்மணி காபி கொடுத்தாள். முள்ளைச் சீவினாள். தன் தட்டைப் போட்டாள். ஐயாக்கண்ணு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். காமாட்சி வாசலில் நின்றாள்.

பியானோ. பேச்சு. சபை சிரித்தது, ஓய்ந்தது. இரைச்சலுக்கு அடியில் அந்தப் பெண் சிரித்தாள்.

கோவிந்தராஜ் புன்னகை செய்தார். பழைய ஆளைப் பார்த்ததுபோல.

"பார்த்தீங்களா மாமா? சாருக்கே தெரிஞ்சுபோச்சு," என்றாள் அம்மணி. "சார், இந்தப் பொடி எழுத்தப் படிங்க. பேரு இருக்குதுங்களா?"

அவர் படித்தார். தட்டைப் படியெடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கை. கம்பெனியின் ஊர்.

"பேரெல்லாம் போடமாட்டாங்கம்மா."

"சரி, போகட்டும். உங்க தட்டப் போடுங்க. அதையும் கேப்போம்."

அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தட்டு மாற்ற வந்தவர். போட்டார்.

இந்தத் தட்டு தேயாதது. எல்லாம் தெளிவாகக் கேட்டது. பியானோக்காரர் ஒரு மெட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பேசினார். சபை சிரித்தது. ஓய்ந்தது. ஓய்ந்தபின், பின்வரிசையிலிருந்து, அதே பெண்.

அம்மணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா! மாமா, இதுலயும் இருக்கா! கண்ணு, இங்க வா சாமி, உங்கம்மா பாரு. எவ்வளவு தெளிவா இருக்கா பாரு. நல்லா இருக்கா மாமா. நல்லா இருக்கப் போய்த்தான கச்சேரிக்குக் கச்சேரி போறா!"

காமாட்சி உள்ளே வந்தாள். கிராமபோனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதல்தடவையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. ஐயாக்கண்ணு கோவிந்தராஜிடம் எல்லாவற்றையும் சொன்னான். கப்பல், பதினேழு வருடம், மாரமங்கலம், கருமாதி, நேற்றைய வாக்கு.

கோவிந்தராஜின் காபி ஆறிப்போனது.

6

அவருக்குத் தெரிந்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவர் கொண்டுவந்த 1951 தட்டில், அந்தப் பெண் சிரிப்பதற்கு முன்னால் பியானோக்காரர் சொல்வது இதுதான்: "சற்று நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மாள் சிரிப்பார். தயவுசெய்து மன்னியுங்கள். எந்த ஊருக்குப் போனாலும் அவரை அழைத்துப்போகிறேன். சம்பளம் கொடுக்கிறேன். எல்லாருக்கும் புரிந்தபின்தான் சிரிக்கவேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்."

1951-இல் முத்தாயி நாகலூரில் இருந்தாள். காமாட்சி பிறக்கவே இல்லை.

அதற்காக முத்தாயி செத்துவிட்டாள் என்று ஆகாது. அவள் அந்த அரங்கில் இருந்திருக்கலாம். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கோவிந்தராஜ் உண்மையைச் சொல்கிறார். தட்டு அவருக்குக் கிடைக்கிறது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கும்போது, உண்மைக்காகச் சொன்னோமா தட்டுக்காகச் சொன்னோமா என்று அவருக்குத் தெரிவதில்லை. இன்னொன்றில் பொய் சொல்கிறார். கல்யாணப் பந்தலில் உயிரோடிருக்கும் தாய்க்கு ஒரு காலி இடம். ஐயாக்கண்ணு தன் சாவு வரைக்கும் பொண்டாட்டி உள்ளவன். மூன்றாவதில் காமாட்சியின் கை பட்டுத் தட்டு விழுந்து உடைகிறது. அந்தத் தாளைக் கிழித்தேன். எனக்குச் சௌகரியம், அவ்வளவுதான். தவிர, என் மேஜைமேல் இருக்கும் தட்டு உடையாமல் முழுசாக இருக்கிறது. அது நாகலூரிலிருந்து சேலத்துக்கு எப்படி வந்தது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

எந்த முடிவிலும் கோவிந்தராஜ் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை. இப்போது அவரை எழுப்பிவிட்டேன். காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். உங்களுக்குப் பேச்சும் தெரியும், வருடமும் தெரியும். ஐயாக்கண்ணு உங்கள் வாயையே பார்க்கிறான். காமாட்சி கிராமபோனை விட்டு நகரவில்லை. அம்மணி கைப்பிடியைச் சுற்றிவிட்டு, முள்ளைத் தூக்கி, சரியாக அந்த இடத்துக்கு முன்னால் வைக்கிறாள். பியானோ நிற்கிறது. பேச்சு தொடங்குகிறது. அவள் உங்கள் பக்கம் குனிகிறாள்.

"இத்தன வருசமா கேக்கறனுங்க, ஒரு வார்த்த புரியல. நீங்க இங்கிலீசு படிச்சவங்க. எங்கக்கா இப்படிச் சிரிக்கற மாதிரி, ஏனுங்க, அவரு அப்படி என்னதானுங்க சொல்றாரு?"