மார்ச் பதினான்கின் கட்டம்

1

இந்தக் கதை ஒரு கழிப்பறையில் உதித்தது. இதை மறைத்துவிட்டு, "ஒரு மழைநாள் மாலை ஜன்னலோரம் அமர்ந்திருந்தபோது" என்று ஆரம்பிக்கலாம்தான். எனக்கும் அப்படி எழுதத் தெரியும். ஆனால் நடந்தது என் சிநேகிதி ரென்ஸ்கே வீட்டுக் கழிப்பறையில். இரண்டு கோப்பை காப்பிக்குப் பிறகு போய் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில், கண்ணுக்கு நேராக, பிறந்தநாள் நாட்காட்டி.

[ஃபிரீஸ்லாந்து என்ற இந்த டச்சு மாகாணத்தில் எல்லார் வீட்டிலும் அது அங்கேதான் தொங்கும். சொந்தக்காரர், சிநேகிதர் எல்லாருடைய பெயரும் அவரவர் பிறந்த தேதியில் இருக்கும். வருடமும் கிழமையும் கிடையாது என்பதால் ஒரே நாட்காட்டி முப்பது வருடம் ஓடும். ஏன் போயும் போயும் அங்கே மாட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். முப்பத்தொரு வருடமாக இங்கே இருக்கிறேன், நானே யாரிடமும் கேட்டதில்லை.]

உள்ளே போகிற விருந்தாளி முதலில் தேடுவது தன் பெயரை. நானும் அக்டோபரைப் புரட்டினேன். ஒன்பதாம் தேதியில் 'மங்கை' இருந்தது. நிம்மதி. அதோடு கையைக் கழுவிக்கொண்டு வந்திருக்கலாம். கை சும்மா இருக்காமல் மார்ச்சையும் புரட்டியது. பதினான்காம் தேதிக் கட்டத்தில் வெள்ளை மை. எழுத்துப் பிழையை மறைக்கப் பூசுவார்களே, அது. ஒரு தரம் அல்ல, நாலைந்து தரம் பூசிக் காய்ந்து, தடவினால் மேடு தட்டியது.

ஒரு மனிதரை இத்தனை கனமாக அழிப்பதற்கு ஒருத்திக்கு எவ்வளவு... [இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.]

2

எங்கே தொடங்குவது என்று மூன்று நாள் முட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "ரென்ஸ்கே பென்சிலைத் தேர்ந்தெடுத்தாள்." கணினித் திரையில் இருக்கிற பென்சில். ஓர் அம்மாள் பென்சிலைத் தேர்ந்தெடுத்த செய்திக்கு யார் காத்திருக்கிறார்கள்?

இரண்டாம் தொடக்கம்: "கால்வாயின் மேல் மூடுபனி ஒரு..." வேண்டாம். மூடுபனியில் தொடங்கினால் யாராவது செத்தாக வேண்டும். இந்தக் கதையில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு இடுப்பு வலி, அவ்வளவுதான்.

மூன்றாவது தொடக்கம், இதை வைத்துக்கொள்கிறேன்:

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஊர் நூலகத்தில் வயதானவர்களுக்குக் கணினி வகுப்பு. சொல்லிக்கொடுப்பது நான். அவர்களைவிட ஒரு பாடம் முன்னால் போகிறவள், மற்றபடி பெரிய ஞானி இல்லை. அந்த மாதம் படம் வரைகிற செயலி. இடது ஓரத்தில் பென்சில், கோடு, பெட்டி, வண்ண வாளி, ரப்பர், எழுத்து. இந்த ஆறும் தெரிந்தால் போதும், வீட்டுக்கு ஒரு நாட்காட்டி செய்துகொண்டு போகலாம் என்று ஆசை காட்டியிருந்தேன்.

ரென்ஸ்கேக்கு அறுபத்தொன்பது வயது. மூன்று வருடமாக வலது கை நடுங்குகிறது. பக்கத்து நாற்காலியில் சீட்சே. கால்வாய்ப் பாலத்தை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். [மூத்தவர்களை 'அவள்', 'அவன்' என்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். இங்கே அடுத்த வீட்டுக் குழந்தைகூட அவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். மரியாதை போட்டு எழுதிப் பார்த்தேன், யாரோ நகரசபைத் தலைவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.]

ரென்ஸ்கே பென்சிலால் வரைந்த பெட்டியைப் பார்த்து சீட்சே கேட்டான்: "என்ன இது, உருளைக்கிழங்கா?"

"உன் மூஞ்சி. வரைஞ்சு பாத்தேன், அச்சா வந்திருக்கு."

"ரென்ஸ்கே, கோட்டை எடுத்துக்கோ. ஷிப்ட் பொத்தானை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இழு," என்றேன்.

இழுத்தாள். கை ஆடியது, கோடு ஆடவில்லை. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று மதியம் முழுக்க நேர்க்கோடாகப் போட்டுத் தள்ளினாள். முப்பத்தொரு கட்டம் தயார். வாளியை எடுத்து ஒரு கட்டத்துக்குள் இளநீலத்தை ஊற்றினாள். பக்கம் முழுக்க நீலமாகிவிட்டது.

"அணை உடைஞ்சிருச்சு! மாட்டைப் பிடிச்சு மேட்டுல கட்டு!" என்று சீட்சே கத்தினான். நூலகக்காரர் எட்டிப் பார்த்தார்.

பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மூலையில் கோடு கோட்டோடு சேரவில்லை. கடுகை விடச் சிறிய இடைவெளி. அதன் வழியாகத்தான் இவ்வளவு நீலமும் வெளியேறியது. ரென்ஸ்கே அதை ஒரே ஒரு புள்ளி வைத்து அடைத்தாள்.

"எனக்கு இது பதிமூணாம் தேதிக்குள்ள வேணும் மங்கை," என்றாள். "அன்னிக்கு சனிக்கிழமை, எனக்கு எழுவது."

"என்ன அவசரம்?"

"வீப்ரென் வர்றானாம். கார்டு போட்டிருக்கான். 'வருகிறேன், வீப்ரென்', அவ்வளவுதான் எழுதியிருக்கான்."

சீட்சே விசிலடித்தான். வீப்ரென் அவளுடைய அண்ணன். எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. பிறந்தநாள் மார்ச் பதினான்கு.

"எழுவத்தி மூணு வயசு. மூணு காப்பி குடிச்சா தாங்குவானா? உள்ள போவான். போனா பாப்பான்."

"பழசைக் கழட்டிரு," என்றான் சீட்சே.

"கழட்டிட்டு? வெறுஞ்சுவத்தப் பாத்தா நாதியத்தவ வீடுன்னு நெனைக்க மாட்டாங்க?"

"அப்ப புதுசு வாங்கி எழுது."

அவள் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அது ஆடியது.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். அண்ணன் தங்கை சண்டைக்கு ஒரு காரணம் வேண்டும். அவள் சொன்ன காரணம் கதைக்குக் காணாது என்று எனக்குப் பட்டது. நானே ஒன்று செய்தேன். அப்பா விட்டுப்போன பண்ணை வீடு, அதில் பங்கு, ஒரு உயில், கையெழுத்தில் சந்தேகம். நாலு பக்கம் எழுதி ரென்ஸ்கேக்கு அவள் மொழியில் படித்துக் காட்டினேன்.

"எங்க அப்பாவுக்கு ஏதுடி பண்ணை வீடு? வாடகை வீட்லதான் செத்தார்," என்றாள்.

"கதைக்காக."

"கதைக்காக எங்க அண்ணனைத் திருடனாக்குவியா? அவன்கிட்ட நான்தான் பேசல, நீ எதுக்கு அவன் மேல சேத்தை அள்ளி வீசற?"

[கவனியுங்கள். எட்டு வருடமாகப் பெயரை அழித்து வைத்திருப்பவள் சொன்னது இது. இதைக் கேட்டபிறகு நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.]

ஆகவே உண்மைக் காரணம். பத்து வயதில் ரென்ஸ்கே ஊர்ப் பிள்ளைகளுக்கான பனிச்சறுக்குச் சுற்றில் கலந்துகொண்டாள். உறைந்த கால்வாய்களின் மேல் பன்னிரண்டு கிலோமீட்டர். முடித்தவர்களில் அவள்தான் சின்னவள். அதற்கு ஒரு பதக்கம். வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, வருகிறவர்கள் எல்லாரும் அதன் கதையைக் கேட்டே ஆக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் அவள் பிறந்தநாளில், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தபோது, வீப்ரென் சிரித்தபடி சொன்னான்: "கடைசி நாலு கிலோமீட்டர் இவ பால் வண்டியில ஏறித்தானே வந்தா."

அவ்வளவுதான். இதற்குப் போய் எட்டு வருடமா என்று கேட்பீர்கள். உங்கள் குடும்பத்தில் யாரும் யாரோடும் இதைவிட அற்ப காரணத்துக்குப் பேசாமல் இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

4

கடைசி வியாழன். பதினொரு மாதம் முடிந்து மார்ச் மட்டும் பாக்கி. இளநீலப் பின்னணி, கறுப்பு எழுத்து. பதினான்காம் கட்டத்தில் அவள் 'வீப்ரென்' என்று அடித்தாள். வெளியே ஒரு சொடுக்கு. சொடுக்கிவிட்டால் எழுத்து அத்தனையும் மையாகக் காய்ந்துபோகும், திருத்த முடியாது என்று முதல் வாரமே சொல்லியிருந்தேன்.

பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காது சிவந்தது.

"அத்தனை பேர் முன்னாடி," என்றாள். "கேக்கை வாயில வெச்சுக்கிட்டு."

ரப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நடுங்குகிற கையால் துண்டு துண்டாக, பத்துப் பதினைந்து இழுப்பு. நிறுத்தியபோது பெயர் இல்லை. இளநீலத்தின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

சீட்சே எட்டிப் பார்த்தான். "அதே கட்டம், அதே வெள்ளை. பழசைவிட நல்லா வந்திருக்கு."

"பின்னால போ மங்கை! பின்னால போ!"

நூலகத்துக் கணினி பழையது. செய்ததை ரத்து செய்து மூன்று அடி மட்டுமே பின்னால் போகும். போய்ப் பார்த்தோம். பெயரின் கடைசி எழுத்து மட்டும் திரும்பி வந்து நின்றது.

"ரப்பர் அழிக்கிறதில்ல ரென்ஸ்கே, வெள்ளையைப் பூசுது. அடியில நிறம் இருந்தா காட்டிக் குடுத்துரும்."

[நல்ல எழுத்தாளர் இந்த வரியோடு ஓர் அத்தியாயத்தையே முடித்திருப்பார். நான் பாடக் குறிப்பில் இருந்ததைத்தான் சொன்னேன்.]

ரென்ஸ்கே அழுதாள். கொஞ்ச நேரந்தான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவன் சொன்னது நெசம். கால் மரத்துப்போச்சு. பால் வண்டி வந்துச்சு. ஏறிட்டேன். அது நெசம்னு இன்னி வரைக்கும் அவனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றான் சீட்சே.

"எப்படி?"

"வண்டி ஓட்டினது எங்க அப்பா."

"அறுபது வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கலையே."

நான் அவளுக்கு மூன்று வழி சொன்னேன். வாளியால் நீலத்தை ஊற்றினால் திட்டு மறைந்துவிடும், கட்டம் காலியாக இருக்கும், அண்ணன் என்று ஒருவன் பிறக்காத மாதிரி. அல்லது அதன் மேல் மறுபடி பெயரை அடிக்கலாம். அல்லது வெள்ளையை அப்படியே விட்டுவிடலாம். ஆயிரம் நாள் யோசிக்கிற விஷயம், அச்சு இயந்திரத்தை மூன்றரைக்கு நிறுத்திவிடுவார்கள்.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றாள்.

திரும்பினோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிளைப் பார்த்தோம். சுட்டி பலமுறை சொடுக்கியது. பிறகு அச்சு இயந்திரம் இரைந்தது. பன்னிரண்டு தாளையும் கவிழ்த்துப் பிடித்தபடி மேல்கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

5

சனிக்கிழமை. நாற்காலிகள் வட்டமாக. பதினான்கு பேர். வருகிறவர்கள் பிறந்தநாள்காரிக்கு மட்டும் அல்ல, உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும். வீப்ரென் நெட்டை, காது பெரியது. வட்டத்தைச் சுற்றி வந்து எனக்கும் கை கொடுத்தான். "சிநேகிதிக்குப் பிறந்தநாளாமே, வாழ்த்துகள்." கடைசியாக அவளிடம் வந்தான்.

"எழுவதா?"

"எழுவது."

"பாத்தா தெரியல."

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்."

இவ்வளவுதான் பேசினார்கள். ரோஜா நிறச் சர்க்கரை பூசிய ஆரஞ்சு கேக் ஆளுக்கு ஒரு துண்டு. முதல் காப்பிக்கு வானிலை. இரண்டாம் காப்பிக்கு யாரோ ஒருவருடைய இடுப்பு அறுவை. மூன்றாம் காப்பி முடிந்ததும் வீப்ரென் எழுந்தான்.

"பழைய எடந்தானா?"

"பின்ன, மாடியிலயா கட்டி வெச்சிருக்கேன்?"

போனான். தாழ்ப்பாள் விழுந்தது. ரென்ஸ்கே கோப்பையைத் தட்டோடு கீழே வைத்தாள். அண்ணன் நேரே மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டால் இனி இந்தப் பிறவியில் வரமாட்டான். அது அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இங்கே மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: பெயர் இருக்கிறது. பார்த்துவிட்டு, கண் கலங்கி... [கண்ணீர் அதிகம்.]

இரண்டு: வெள்ளைத் திட்டு. பார்த்துவிட்டு, மேல்கோட்டை எடுத்து... [என்னால் எழுத முடியவில்லை. அவளை எனக்குப் பிடிக்கும்.]

மூன்று: காலிக் கட்டம். பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல்... [உப்புச் சப்பில்லை.]

நடந்தது மூன்றிலும் இல்லை. கழிப்பறைக் கதவு ஒரு சாண் திறந்தது. நெட்டைத் தலை ஒன்று வெளியே வந்தது.

"ரென்ஸ்கே, பேனா இருக்கா?"

அவளே எழுந்து, அலமாரியில் பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். கதவருகே இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். எனக்குக் கேட்டிருக்கும், சீட்சே அந்த நேரம் பார்த்துக் கேக்கை மென்று கெடுத்தான்.

திரும்பி வந்தபோது வீப்ரென் தன் நாற்காலிக்குப் போகவில்லை. முக்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். காப்பியை உறிஞ்சினான்.

"அந்தப் பால் வண்டிக் குதிரை பேரு என்ன? நேத்துலேந்து யோசிக்கிறேன், வரமாட்டேங்குது."

பதினான்கு பேர். தலைக்கு மேலே பதக்கம். ரென்ஸ்கே அதை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு எல்லாரையும் பார்த்தாள்.

"ப்ளெஸ்," என்றாள், உரக்க. "நெத்தியில வெள்ளை இருக்கும். நாலு கிலோமீட்டரும் கழுதை மாதிரி ஊர்ந்துச்சு. நான் சறுக்கிட்டு வந்திருந்தாலே சீக்கிரம் வந்திருப்பேன்."

வீப்ரென்தான் முதலில் சிரித்தான். அப்புறம் கூரை அதிர்ந்தது.

6

அடுத்த நிமிடமே அந்த அறையில் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் அவசரம் வந்துவிட்டது. கழிப்பறை வாசலில் வரிசை. முதல் ஆள் சீட்சே. வெளியே வந்தவனின் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "நீயே போய்ப் பாரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அடுத்து வந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தபடி வந்தாள்.

காப்பிக் குடுவையோடு ரென்ஸ்கே என்னைக் கடந்தாள்.

"இதையும் எழுதப்போறியா?"

"எழுதட்டுமா?"

"எழுது. குதிரையை எழுது, பதக்கத்தை எழுது, நான் அழுததைக்கூட எழுதிக்கோ. அந்தக் கட்டத்துல என்ன இருக்குன்னு மட்டும் எழுதக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன். அது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தாலும் உங்களுக்குச் சொல்ல முடியாது, பார்க்காமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

எனக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. நீங்கள் ஒன்று செய்யுங்கள், இப்படி எனக்கு முன்னால் வந்து நில்லுங்கள். நீங்கள் யாருக்கும் சத்தியம் பண்ணவில்லையே. கதவு திறந்துவிட்டது, போங்கள். விளக்குப் பொத்தான் வெளியே, வலது பக்கம் இருக்கிறது.