அவன் கடைசியாகக் கேட்டது

கடைக்கு வந்த ஒரு அம்மாளுக்கு மூக்குக்கண்ணாடிக் கம்பியைக் காதுக்குப் பின்னால் வளைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே அது?" என்றாள். நான்தான். டிவியில் நூறு நாள் ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பதினான்கு பேரில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள்.

முதல் மூன்று வாரம் அவர் அங்கே இருக்கிற இடமே தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது மட்டும் கேமரா அவர் பக்கம் திரும்பும். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் கழுவியவரில்லை. நாலாவது வாரம், வெளியே அனுப்பும் பட்டியலில் பெயர் வந்த அன்று, எங்கள் மகனைப் பற்றிப் பேசினார். ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுவரை அவன் கையைப் பிடித்திருந்தாராம். "அப்பா, அழாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினானாம். ஓட்டு கொட்டோ கொட்டென்று கொட்டியது. அன்றிலிருந்து கடையில் நல்ல கூட்டம். வருஷக்கணக்காக ஒரே பவரில் நின்ற கண்களெல்லாம் திடீரென்று மங்கிப்போய் என்னைத் தேடி வருகின்றன. முதலாளி என்னை வாசல் பக்கத்துக் கவுண்டருக்கு மாற்றிவிட்டார். மகன் போனபோது இவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை.

மகன் போன அன்று அவர் ஆஸ்பத்திரி அறையிலேயே இல்லை. பார்க்கச் சகிக்காமல் கீழே வாசலில் போய் நின்றிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். "லைட்ட அணைச்சிடும்மா, கண்ணு கூசுது" என்றான். அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அவர் ஓடி வந்து, "என்னக் கேட்டானா?" என்று என் தோளை உலுக்கினார். ஆறு வருஷம் அவனைத் தோளில் தூக்கித் திரிந்த மனிதர். எனக்கு மனசு கேட்கவில்லை. "உங்களத்தான் கேட்டான்" என்றேன். பொய்யை ஆரம்பித்து வைத்தது நான். அவர்மேல் எந்த முகத்தோடு கோபப்படுவது? ஆனாலும் கோபம் வருகிறது.

அந்த அம்மாள் புதுக் கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்தாள். "அழாதீங்கப்பான்னு சொன்னானாமே. அதக் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நெசமாம்மா?" பக்கத்தில் அவள் மகள் போனை என் பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

இந்த வாரமும் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஓட்டு போகும். போனால் போகட்டும். ஆனால் மகன் தன்னைக் கேட்கவே இல்லை என்பது அந்த மனிதருக்குத் தெரிந்துவிடும்.

"ஆமாம்மா. அப்படித்தான் சொன்னான்."

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். மகள் போனை இறக்கவில்லை.

கண் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் குரலை நினைத்துப் பார்த்தேன். "அப்பா, அழாதீங்கப்பா" என்று வந்தது. மறுபடி நினைத்தேன். அதேதான், அவன் குரலிலேயே. சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதை அணைத்துவிட்டு, அவன் நிஜமாகச் சொன்னது வரட்டும் என்று இருட்டில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன்.