சத்தம் வராத நர்சரி மேல் ஒரு பிராது

1

இது கதையாகத் தொடங்கவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் கட்ட ஒரு பிராது எழுதித்தரச் சொல்லி அடுத்த வீட்டு அம்சவல்லி என்னிடம் வந்தாள்.

(வெளியூர்க்காரர்களுக்கு: போலீசுக்குக் கொண்டுபோக முடியாத வழக்கை எங்கள் பக்கத்தில் தாளில் எழுதிக் கொளஞ்சியப்பரிடம் கட்டிவிடுவோம். சாமி விசாரிப்பார். அதில் பொய் எழுதக் கூடாது. கதை எழுதுகிறவளுக்கு இது பெரிய இடைஞ்சல்.)

"யார் மேலக்கா?"

"நர்சரி நடத்துறாளே தங்கம்மா டீச்சரு, அவ மேலதான்."

2

தொடக்கம் ஒன்று: 'எழுபத்து மூன்றாம் வருடம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு கொடிய பெண்'

கொடியவள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த வரியை அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: அம்சவல்லி பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். வேலைக்குப் போகும்போது மூன்று வயது மகன் பழமலையை விட ஓர் இடம் தேடினாள். முதலில் பால்வாடியைப் பார்த்தாள். அங்கே பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. ஆயா நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்து ஜங்ஷன் ரோடு நர்சரி. உள்ளே பிள்ளைகள் இருப்பதே தெரியவில்லை, அத்தனை அமைதி. அன்றைக்கே சேர்த்துவிட்டாள்.

எந்த அமைதிக்காகச் சேர்த்தாளோ அதுவே ஒரு வாரத்தில் அவளை அரிக்கத் தொடங்கியது.

"புள்ளைங்க இருக்கிற எடம் எப்படிடி சத்தமில்லாம இருக்கும்? என்னமோ குடுக்கிறா. சாயங்காலம் வரும்போது அவன் வாயெல்லாம் வெள்ளையா இருக்குது."

"பாலா இருக்கும்க்கா."

"எங்க கம்பெனி மண்ணுகூட வெள்ளைதான். என்னடா குடுத்தாங்கன்னு கேட்டா, சொல்லக் கூடாதுங்கறான்."

3

இந்த இடத்தில் எனக்கு அம்சவல்லி மேலேயே சந்தேகம் வந்தது. முதல் நாள் பழமலை அழாமல் உள்ளே போய்விட்டான். கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதது அவள்தான். அழாத பிள்ளையைப் பெற்ற கோபத்தையெல்லாம் டீச்சர் தலையில் கட்டுகிறாளோ?

கேட்கத் துணிவில்லை. இப்படி மட்டும் சொன்னேன்: "சாமிக்கு 'என்னமோ'ன்னு எழுத முடியாதுக்கா. என்னன்னு பாத்துட்டு வாங்க."

4

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்சவல்லி கம்பெனியிலிருந்து நழுவி வந்து, நர்சரியின் பின் சன்னலில் முகத்தை வைத்தாள். பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாக் கன்னமும் உப்பியிருந்தது. ஒன்றும் வாய் திறக்கவில்லை. நாற்காலியில் தங்கம்மாள் டீச்சர் தலை சாய்ந்து, வாய் பிளந்து

(இங்கே 'செத்துக் கிடந்தாள்' என்று எழுதினால் கதை எப்படி ஓடும்! எழுதினேன். சாமிக்குப் பயந்து அடித்தேன்.)

தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பழமலை! வாயில என்னடா?"

அவன் ஓடிவந்து கம்பி வழியே கைவிட்டு அவள் வாயைப் பொத்தினான். "கத்தாதம்மா, டீச்சர் எந்திரிச்சிடுவாங்க," என்று குழறினான். வெள்ளைப் பொடி சிதறி அவள் உதட்டில் பட்டது. நக்கிப் பார்த்தாள். பால் பவுடர். நல்ல பவுடர்தான். ஆளுக்கு ஒரு ஸ்பூன் வாயில் போட்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கரைகிற வரைக்கும் பேச்சு வராது.

"வூட்டுக்கு வாடா."

"நீ போ! பேசுறவங்களுக்கு நாளைக்குப் பவுடர் கெடையாது. ஒன்னாலதான் நான் பேசிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். அந்த நர்சரியில் அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பால்வாடிக்கு மாற்றுகிறாள். அவன் கூட்டத்தோடு சேர்ந்து அழுகிறான். அவளுக்கு நிம்மதி. (இந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.)

பால்தானே என்று அங்கேயே விடுகிறாள். (பால்தானே என்று என்னால் எழுத முடிகிறது. அவளால் சொல்ல முடியுமா?)

டீச்சரை எழுப்பி ஏன் என்று கேட்கிறாள். டீச்சர் சொன்ன காரணம்

தெரியாது. யாரும் எழுப்பவில்லை.

நடந்தது இது. அன்று சாயங்காலம் அம்சவல்லி வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"எழுது."

"பால் பவுடர்தானேக்கா?"

"பாலுதான். எழுதுடி."

"என்னன்னு?"

"பெத்தவ வாயப் பொத்தி, நீ போன்னு எம் புள்ள சொல்லிட்டான்னு எழுது."

எழுதினேன். "இது யார் மேலக்கா?"

அவள் எழுந்து போய்விட்டாள். பேர் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. காலையில் கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் அவள் பையனைக் கூட்டிக்கொண்டு பால்வாடிப் பக்கமோ நர்சரிப் பக்கமோ திரும்பியாக வேண்டும்.

நீங்கள் ஒரு பேர் சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன். சொன்னது யார் என்பதையும் கீழே எழுதுவேன்.