கொண்டையில் ஒரு முளை

1

இந்தக் கதை என் வாய் திறந்திருந்தபோது கிடைத்தது. பல் வைத்தியர் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே தன் கோழிகளைப் பற்றிச் சொன்னார். குறுக்கே பேச எனக்கு வழியில்லை. ஒருவேளை அதனால்தான் கதை முழுசாக வந்து சேர்ந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘புகை நிறச் சேவல் ஒன்று விடியலை நோக்கிக் கழுத்தை—’ வேண்டாம். சேவல் என்றதும் விடியலைக் கூப்பிடும் புத்தி போகமாட்டேன் என்கிறது. நேராகவே சொல்கிறேன், எனக்கு அதுதான் நன்றாக வரும்.

வைத்தியர் கீழ்வீட்டில், அவருடைய அக்கா மாடியில். வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுகள். தம்பிக்கு நிறம்தான் எல்லாம்: இறகில் செம்பழுப்புத் துரு ஏறாத, சுத்தமான சாம்பல். (சாம்பலோடு சாம்பலைச் சேர்த்தாலும் பாதிக் குஞ்சுதான் சாம்பல். மிச்சம் கறுப்பும், திட்டுத் திட்டான வெள்ளையும்.) நிறத்தையே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில், கோழிகளின் முதுகு ஒடுங்கிப்போனது. அக்கா அவரைக் கேட்காமலே அகன்ற முதுகுள்ள ஒரு கறுப்புச் சேவலை வாங்கிவந்து உள்ளே விட்டார். அடுத்த குஞ்சுகள் பொரியும்வரை தம்பி அவரோடு பேசவில்லை.

3

அந்தக் கறுப்பனின் பேரன்தான் நம் நாயகன். நிறமும் உடம்பும் ஒரே பறவையில் கூடி வந்திருந்தன. ஆனால் கொண்டையின் பக்கவாட்டில் அரிசி அளவு ஒரு முளை. கோழிக் கண்காட்சிப் போட்டியில் அது இருந்தால் சேவலையே நீக்கிவிடுவார்கள்.

தம்பியிடம் மரத்துப்போக ஊசி உண்டு, கத்தியும் உண்டு. (என் முதல் வரைவில் வெட்டினார், கோப்பை வாங்கினார். கதை அங்கேயே படுத்துவிட்டது.) நடந்தது இதுதான். அக்காவைச் சேவலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அக்கா பிடித்துக்கொண்டார்.

“வெட்டு. நான் வேண்டாங்கல. ஆனா இவனோட பிள்ளைங்களுக்கு வருமே, அதை என்ன பண்ணுவ?”

தம்பி கத்தியைக் கீழே வைத்தார்.

“என்னதான் செய்யச் சொல்ற?”

“முளையோடயே கூட்டிட்டுப் போ.”

4

கூட்டிப்போனார்கள். நடுவர் நீக்கினார். நீக்கியவர் இரண்டு கூண்டு தள்ளிப் போய், திரும்பி வந்து, அதன் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தாராம்.

அந்த முதுகுக்காகவே அவனைப் பெட்டைகளோடு விடவேண்டும் என்றார் அக்கா. தம்பி விடவில்லை.

“நீதானே சொன்ன, பிள்ளைங்களுக்கு வரும்னு.”

“வரும். எல்லாத்துக்குமா வரும்? வராததை வெச்சுக்குவோம்.”

அக்கா ஜெயித்தார்.

5

குஞ்சுகள் பொரிந்துவிட்டன. நானே போய்ப் பார்த்தேன். விளக்குச் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கொண்டை இன்னும் தெரியவில்லை. தம்பி தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறார். ‘எல்லாக் கொண்டையும் சுத்தம்’ என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். ‘எல்லாவற்றிலும் முளை’ என்பதற்கும் அதே ஒரு வரிதான். இரண்டையும் எழுதமாட்டேன்.

கிளம்பும்போது அக்கா ஒரு சாம்பல் குஞ்சை என் உள்ளங்கையில் வைத்து, கொண்டுபோய் வளர்க்கச் சொன்னார். எனக்குக் குடியிருப்பில் இடமில்லை. வாசிக்கிற நீங்கள் கையை நீட்டுங்கள். மெதுவாக. கொண்டை வந்ததும் எனக்குச் சொல்லவேண்டாம், அக்காவுக்குச் சொல்லுங்கள்.