குறட்டைக்கு நடுவே வெட்டிய இடங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதை நகைச்சுவைக் கதையாகத்தான் ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் குறட்டை உண்டு. அதில் வெட்கங்கெட்ட பெருமையும் உண்டு. அக்கா மகள், ஐந்து வயது வாண்டு, மதியத் தூக்கத்தில் விட்ட குறட்டையை அத்தான் போனில் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

முதல் வரி: ‘எங்கள் வீட்டில் ஒரு குட்டிப் புல்டோசர்...’ (சே, வேண்டாம்.)

2

அத்தான் வீடியோ எடிட்டர். சத்தமில்லாத இடம் வந்தால் கை தானாக வெட்டிவிடும். மகளின் குறட்டையிலும் வெட்டியிருந்தார்.*

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மகள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் அவள். வெட்டாததைப் போடச் சொன்னாள். குறட்டை, குறட்டை, பிறகு ஒன்றுமே இல்லை. நெஞ்சு எழும்புகிறது, மூச்சு வரவில்லை. அப்புறம் திணறி ஓர் இழுப்பு.

திறந்த வாய், தூக்கத்தில் நனைகிற தலையணை, காலைச் சிடுசிடுப்பு, வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்ற டீச்சரின் புகார். எல்லாவற்றையும் அக்கா அன்றைக்குத்தான் சேர்த்துப் பார்த்தாள்.

*அத்தானை வில்லனாக்கிப் பார்த்தேன். மகள் மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

3

வளர வளரச் சரியாகிவிடும் என்று வீடே சொன்னது.

“குறட்டைக்கெல்லாம் யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா?” என்றார் அத்தான்.

“குறட்டைக்காகப் போகல. அது நடுவுல நிக்குது பாருங்க, அதுக்காகப் போறேன்.”

குழந்தை மருத்துவர் வெட்டாத பதிவை முழுக்கப் பார்த்தார். தொண்டையைப் பார்த்தார். தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நல்லவேளை கூட்டிவந்தீர்கள் என்றாராம். என் அக்காவாக்கும்! என் பெயர் முதன்முதலில் அச்சில் வந்தபோதுகூட இப்படித் தலைகால் புரியாமல் நான் திரிந்ததில்லை.

4

மூக்குக்குப் பின்னால் உள்ளே சதை வளர்ந்திருக்கிறது, எடுத்தால் சரியாகும் என்று கதைக்கு ஒரு முடிவு எழுதினேன். பயப்பட ஒன்றுமில்லை என்று இன்னொன்று. மூன்றாவதை எழுதக் கை வரவில்லை. அக்கா இரண்டையும் படித்தாள்.

“டெஸ்டே நாளைக்குத்தான். அதுக்குள்ள நீ எதுக்குடி முடிக்கிற?”

சரி, முடிக்கவில்லை. அடுத்த அறையில் வாண்டு தூங்குகிறாள். அத்தான் அருகிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டிலும் குழந்தை தூங்குகிறதா? இதை இங்கேயே வைத்துவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் கேளுங்கள். பாதியில் எழுந்து போனதாக நான் நினைத்துக்கொள்ள மாட்டேன்.