சனி, ஞாயிறு டூட்டி சார்ட்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, வாரத்தை ஏழாக வெட்டி ஐந்தை வேலைக்கும் இரண்டை வாழ்வதற்கும் ஒதுக்கியது. அந்த இரண்டை எப்படி வாழ்வது என்று வகுத்துச் சொல்ல மட்டும் ஒருவன் பிறந்து வர வேண்டியிருந்தது. அவன் பிறந்து நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் டிப்போ அலுவலகத்தில், பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தான்.

டிப்போவில் அவனுக்குச் 'சார்ட்டு' என்று பெயர். எந்த டிரைவர் எந்த நாள் எந்த பஸ்ஸை எடுப்பது என்று டூட்டி சார்ட் போடுவது அவன் வேலை. நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்கள். யாருடைய மாமியாருக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போகும் என்பது அந்த மாமியாருக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரியும்.

வீட்டு விஷயம் மட்டும் கடைசியில்தான் தெரிந்தது. ஆறு வருஷம் கூட வாழ்ந்தவள், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், இரண்டு மாதத்துக்கு முன்பு பெட்டியைக் கட்டினாள். கிளம்பும்போது ஒன்று சொன்னாள்.

"வாரத்துல அஞ்சு நாள் உன்கூட ஓட்டிடலாம்ப்பா. இந்தச் சனி ஞாயிறுதான் முடியல."

வேறொருவன் என்றால் உடைந்து போயிருப்பான். சார்ட்டு மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். ஏழு பேப்பரில் ஐந்து பாஸ். இரண்டுதான் அரியர்ஸ். படித்து எழுதிவிட்டால் போயிற்று.

ஆனால் எழுதுகிற மாதிரி இல்லை. முதல் சனிக்கிழமை பதினோரு மணிக்கு எழுந்து, பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடி ரொட்டியைத் தின்றான். ஞாயிற்றுக்கிழமை எழவே இல்லை. எட்டு வாரமும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஒன்பதாவது வாரம் ரொட்டியிலும் பூசணம் பூத்துவிட்டது. அப்போதுதான் அவளிடமிருந்து செய்தி வந்தது: சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறாள், அவளுடைய மடக்கு ஏணியை எடுத்துக்கொள்ள.

ஏணி எடுக்க வருகிறவள், அவன் தன் சனி ஞாயிறுக்கென்று போட்ட டூட்டி சார்ட்டைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஏணியைக் கீழே வைக்க வேண்டும். இதுதான் திட்டம். திட்டம் முழுக்கவே இதுதான்.

காகிதம் ஒருவழியாக வெளியே வந்தது. பின்னால் நின்ற மூத்த டிரைவர் எட்டிப் பார்த்தார். மனுஷன் பேசினாலே தெருவில் நாலு பேர் ஒதுங்குவார்கள். அதனால் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர்.

"என்ன சார்ட்டு, புது ரூட்டா?"

"பர்சனல்ணே."

"காலைல ஆறு மணி, ஓட்டம்னு போட்டிருக்கு. எது துரத்துது?"

"உடம்புக்கு நல்லதுண்ணே."

"உடம்புக்கு நல்லதுதான். அது என்ன, ஞாயித்துக்கிழமை அஞ்சுலேருந்து அஞ்சே கால் வரைக்கும் அழுகை?"

"அக்கா சொன்னாங்க. உள்ளயே வச்சுக்காத, அழுதுடுன்னு."

"கால் மணி நேரத்துல முடிஞ்சிடுமா?"

"தேவைன்னா பத்து நிமிஷம் நீட்டிக்கலாம்."

ஹாரன் சிரிக்காமல் தலையாட்டினார். முப்பது வருஷம் பயணிகளைப் பார்த்தவர். "நாளைக்கு எனக்கு ரெண்டாவது ஷிப்ட்தானே? கண்டிப்பா வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்டிப்பாக என்று அவர் சொன்னால் வரமாட்டார் என்று அர்த்தம். ஆனால் நாளை காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை 'போன் அணைப்பு' என்று சார்ட்டே சொல்கிறது.

அன்று இருட்டும் நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"சார்ட் போட்டிருக்கேன்க்கா. மறுபடியும் முதல்லேருந்து எல்லாம்."

"சட்டில இருந்தாத்தானேடா அகப்பைல வரும். ஏணி எடுக்க வர்றவ ஏணியை எடுத்துட்டுப் போவா. அதுக்கு மேல ஒண்ணும் நினைச்சுக்காத."

"நீ ஏன்க்கா எப்பவும் இப்படிப் பேசற?"

"எப்பவும் இப்படித்தானே நடக்குது. வீட்டைக் கூட்டி வை, அது போதும்."

வீட்டைக் கூட்டினான். ஓடுவதற்கென்று வாங்கிய புதுக் காலணியைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தான். அலாரத்தை ஐந்தரைக்கு வைத்தான். அது ஐந்தரைக்கு அடித்தது, ஐந்தே முக்காலுக்கு அடித்தது, பிறகு அதுவும் தூங்கிவிட்டது.

கண் விழித்தபோது மணி ஒன்பது. ஓடாத ஓட்டத்தை இனி ஓடி முடிக்க முடியாது. ஆனால் ஓடிய மாதிரி இருக்க முடியும். அவள் விட்டுப்போன செடி ஒன்று ஜன்னலோரத் தொட்டியில் காய்ந்து கிடந்தது. அந்தத் தொட்டி மண்ணில் தண்ணீர் விட்டுக் குழைத்து இரண்டு காலணிகளின் அடியிலும் பூசினான். பக்கவாட்டிலும் கொஞ்சம் தெளித்தான். வாசலுக்கருகே, இப்போதுதான் கழற்றிப் போட்டது போல் ஒன்றைச் சாய்த்து வைத்தான். ஃபிரிட்ஜ் கதவில், அவள் கண்ணுக்கு நேரான உயரத்தில், சார்ட்டை ஒட்டி, ஓட்டத்துக்கு எதிரே டிக் அடித்தான்.

பத்தேகாலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள் என்று அவன் நினைக்க விரும்பினான், இளைக்கவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"தண்ணி வேணுமா?"

"வேணாம். வீடு சுத்தமா இருக்கே."

"சனிக்கிழமைன்னா இப்ப இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கிட்டே போய்ப் படித்தாள். ஓட்டம், பழம், காய்கறிக் கடை, புத்தகம் பதினைந்து பக்கம். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் படிக்கும் பழக்கம் அவளுக்கு. மருந்துச் சீட்டுப் படித்துப் படித்து வந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல என் பேர் இருக்கே, அது என்ன?"

அவனும் பார்த்தான். மூன்று தடவை சரிபார்த்த காகிதம்தான். கண்ணில் படவே இல்லை. டிப்போவில் எந்த டூட்டிக்கும் இரண்டு பெயர் உண்டு. முதல் பெயர் ஓட்டுகிறவர். அவர் வராவிட்டால் வர வேண்டியவர் இரண்டாவது. அவருக்கு ஸ்பேர் என்று பெயர். ஸ்பேர் பத்தி காலியாக இருந்தால் டிப்போப் படிவம் பிரிண்ட் ஆகாது. கை தன் பாட்டுக்கு அவள் பெயரை அடித்திருந்தது, பதினாலு இடத்தில்.

"அது ஸ்பேர். காலியா விட்டா பிரிண்ட் வராது."

"அழுகைக்கும் நான்தான் ஸ்பேரா?"

"படிவம் கேக்குது."

"அதாவது, உனக்கு அழ முடியலன்னா நான் வந்து அழுதுட்டுப் போகணும்."

சிரித்தாள். இரண்டு மாதமாகக் கேட்காத சிரிப்பு. அவனும் கூடச் சிரித்தான். திட்டம் பலித்துவிட்டது என்றே நினைத்தான். அவள் சிரிப்பை முடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "ஆறு வருஷமும் அதேதானேப்பா. எவனாவது டூட்டிக்கு வருவான், வரமாட்டான்னு நீ போனைப் பாத்துட்டு இருப்ப. நான் உன்னைப் பாத்துட்டு இருப்பேன்."

"இப்ப அப்படி இல்ல. அதான் போன் அணைப்புன்னு..."

போன் அடித்தது.

இருவரும் சார்ட்டைப் பார்த்தார்கள். மணி பத்தரை.

"எடு," என்றாள்.

"ஒரே நிமிஷம்."

ஹாரன்தான். மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஜன்னலருகே போய்ப் பேசினான். ஸ்பேர் ஆளைக் கூப்பிட்டான். அவர் ஊரில் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டான், கெஞ்சினான், அடுத்த வார லீவைக் காட்டி ஆசை வார்த்தை சொன்னான். பஸ் நிற்காமல் ஓட வழி செய்ய அவனுக்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் வாசலருகே குனிந்து ஒரு காலணியைக் கையில் எடுத்தாள். அடிப்பக்கம் பார்த்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு சாய்ந்து கிடந்ததை நிமிர்த்தி, ஜோடியாகச் சேர்த்து வைத்தாள். மண்ணைக் கவனித்துவிட்டாள் என்று அவனுக்கு ஒரே பூரிப்பு.

திரும்பி வந்தபோது ஏணி அவள் தோளில் இருந்தது. அவளிடமிருந்த வீட்டுச் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

"நான் தூக்கட்டுமா?"

"வேணாம், செவுத்துல இடிக்கும். கதவை மட்டும் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டான். "வேற ஏதாவது எடுக்கணுமா?"

"இல்ல. இதுதான் கடைசி."

"அப்ப அடுத்த சனிக்கிழமை?"

"அடுத்த சனிக்கிழமை நான் தூங்குவேன்ப்பா," என்றாள், கோபமே இல்லாமல். கோபம் இருந்திருந்தால்கூட அதையாவது பிடித்துத் தொங்கியிருக்கலாம். ஏணி மாடிப்படித் திருப்பத்தில் ஒரு தடவை இடித்தது. அப்புறம் சத்தம் இல்லை.

பேனாவை எடுத்து ஸ்பேர் பத்தியில் அவள் பெயரைப் பதினாலு தடவை கோடு போட்டு அடித்தான். பதினாலு இடத்திலும் தன் பெயரை எழுதினான். அவன் வராவிட்டால் அவனே வருவான். டிப்போ விதிப்படி இது செல்லாது.

அக்காவைக் கூப்பிட நினைத்து, கூப்பிடாமல் விட்டான். ஓட்டத்துக்கு எதிரே இருந்த டிக் மட்டும் உறுத்தியது. அதையாவது உண்மையாக்கிவிடலாம், வண்டி தாமதமாகக் கிளம்பினாலும் கிளம்பியதுதானே. வாசலில் உட்கார்ந்து வலது காலணியை இழுத்து அதில் காலை நுழைத்தான்.

பாதிக்கு மேல் போகவில்லை. கடைக்காரன் உள்ளே திணித்து அனுப்பிய காகிதம், இரண்டு காலணியிலும் அப்படியே இருந்தது.